ஸ்மார்ட் டிவைஸ்கள் தங்களுக்குள்ளயே பேசி வேலை செய்ய: முழுமையான வழிகாட்டி

ஆப்பைத் திறந்து பட்டன் அமுக்கி லைட் போடறது வெறும் ரிமோட் கன்ட்ரோல்தான், அது இங்க பேச்சே இல்ல. ஒரு சென்சார் ஏதோ ஒண்ணைக் கவனிக்குது, அது சொன்னதை வெச்சு இன்னொண்ணு முடிவெடுக்குது, மூணாவது ஒண்ணு வேலையை முடிக்குது, நடுவுல யாரும் போனைத் தொடலை, இன்டர்நெட் அந்த நேரத்துல இருந்துச்சா இல்லையான்னுகூட யாரும் கவலைப்படலை. அந்த நிலைமைக்கு எந்த வரிசையில போகணும்னுதான் எழுதறேன்.

புதுசா வர்றவங்க கூட உக்காந்து செட்டப் பண்ணும்போது பார்த்தது, முக்கால்வாசிப் பேர் முதல் நாளே ரூல், அதாவது "இது நடந்தா அதைச் செய்"ங்கற கட்டளை, எழுத உக்காந்துடறாங்க. ரூல் எழுதறது இந்த வழிகாட்டியில எட்டாவது வேலை. அதுக்கு முன்னாடி ஏழு வேலை ஒழுங்கா முடிஞ்சிருந்தா ரூல் ரெண்டு மூணு வரியில முடிஞ்சிடும், முடியலைன்னா எத்தனை ரூல் எழுதினாலும் ஒண்ணு மாத்தி ஒண்ணு ஒட்டுப் போட்டுக்கிட்டே இருக்கணும்.

உதாரணத்துக்கு ஹோம் அசிஸ்டன்ட் (ரூல் எல்லாம் ஓடற சாஃப்ட்வேர்), ஜிக்பீ2எம்க்யூடிடி (ஜிக்பீங்கற குறைஞ்ச பவர் வயர்லெஸ்ல பேசற டிவைஸ்களை எம்க்யூடிடியோட இணைக்கறது), மாஸ்கிட்டோ (எம்க்யூடிடி சேதிகளை வாங்கிக் குடுக்கறது, ஆறாவதுல வரும்), டாஸ்மோட்டா (வைஃபை ரிலே, ப்ளக்குக்குள்ள ஓடற சாஃப்ட்வேர்) இதெல்லாம் வெச்சு சொல்றேன். வேற சாஃப்ட்வேர் யூஸ் பண்றவங்களுக்கும் வரிசை இதேதான், மெனு பேருதான் மாறும்.

1. முதல்ல பேப்பர்ல நாலு கட்டம் போடுங்க

ஒவ்வொரு ஆட்டோமேஷனுக்கும் ஒரு வரி. முதல் கட்டத்துல கவனிக்கிற டிவைஸ், ரெண்டாவதுல முடிவெடுக்கிற இடம், மூணாவதுல வேலை செய்யற டிவைஸ். நாலாவது கட்டத்தைத்தான் எல்லாரும் காலியா விட்டுடறாங்க: இந்த மூணுல ஏதாவது ஒண்ணு பேச்சு மூச்சில்லாம போயிட்டா என்ன நடக்கணும்?

டேங்க் நிரம்பினதும் மோட்டர் நிக்கணும்னு வைங்க. லெவல் சென்சார் கவனிக்குது, ஹப் (எல்லாத்துக்கும் நடுவுல இருக்கற சின்ன கம்ப்யூட்டர்) முடிவெடுக்குது, ரிலே (சேதி வந்தா கரண்டைப் போட்டு நிறுத்தற ஸ்விட்ச்) மோட்டரை நிறுத்துது. சென்சார்ல பேட்டரி தீர்ந்துபோச்சுன்னா "நிரம்பிடுச்சு"ங்கற சேதி வரவே வராது, மோட்டர் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். அதனால நாலாவது கட்டத்துல "30 நிமிஷம் ஆனா ரிலே தானாவே ஆஃப் ஆகணும், அந்தக் கணக்கு ஹப்புல இருக்கக்கூடாது, ரிலேக்குள்ளயே இருக்கணும்"னு எழுதணும். நடைபாதை லைட்டுக்கு இவ்வளவு தேவையில்ல, "சென்சார் செத்தா சுவர்ல இருக்கற ஸ்விட்ச் வேலை செஞ்சா போதும்"னு எழுதினாலே போதும்.

இந்தப் பேப்பர் வேலையை முதல்ல வைக்கக் காரணம், எந்த டிவைஸ் வாங்கணும்ங்கறதே நாலாவது கட்டத்தைப் பொறுத்துதான் மாறும். உள்ளுக்குள்ள டைமர் வைக்க முடியாத ரிலேயை மோட்டருக்கு வாங்கிட்டா அப்புறம் எந்த ரூலாலயும் அதைச் சரிக்கட்ட முடியாது. ஆரம்பத்துல மூணு வரிக்கு மேல எழுதாதீங்க. அந்த மூணும் யாரும் தொடாம கொஞ்ச நாள் ஓடட்டும், அப்புறம் நாலாவது.

2. வாங்கறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது

24 மணி நேரமும் ஓடற ஒரு சின்ன கம்ப்யூட்டர் வேணும், அதுதான் ஹப். ஒரு ஜிக்பீ யுஎஸ்பி ஸ்டிக் வேணும், கூடவே ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் கண்டிப்பா வேணும். யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதுல மாட்டின டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும், ஜிக்பீ பேசறதும் அதே 2.4-லதான், அதனால ஸ்டிக்கை கம்ப்யூட்டர்ல நேரா சொருகினா பக்கத்து ரூம் சென்சார்கூட விட்டு விட்டு வரும். கேபிள் போட்டு தள்ளி வெச்சா பாதிப் பிரச்சினை அங்கயே முடிஞ்சிடும். ஹப்பை ரௌட்டரோட வயர்ல கனெக்ட் பண்ணுங்க, ரெண்டுக்கும் ஒரு யுபிஎஸ் குடுங்க.

டிவைஸ் வாங்கும்போது பாக்ஸ்ல என்ன எழுதியிருக்குன்னு பார்க்கறதைவிட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இன்டர்நெட் இல்லாம இது வேலை செய்யுமா? நிறைய வைஃபை பல்ப், ப்ளக் எல்லாம் ஒரே ரூம்ல இருந்தாலும் சேதியை வெளியில இருக்கற கம்பெனி செர்வருக்கு அனுப்பி அங்கருந்து திரும்ப வாங்கித்தான் வேலை செய்யும். கம்பெனி அந்த செர்வரை மூடிட்டா உங்க டிவைஸ் ஊமையாயிடும். ஏற்கனவே கையில ஒண்ணு இருந்தா சோதிக்கறது ஈஸி, வைஃபையை அப்படியே விட்டுட்டு ரௌட்டருக்கு வர்ற இன்டர்நெட் வயரை மட்டும் பிடுங்கிட்டு ஆன் ஆஃப் பண்ணிப் பாருங்க.

ஜிக்பீ, இசட்-வேவ், மேட்டர்னு டிவைஸ்கள் பேசிக்கற முறைகள் மூணும் வெளி செர்வர் இல்லாம லோக்கலாவே பேசற விதத்துல உருவானது, அதனால இந்த வேலைக்கு அது பக்கம் போறது நல்லது. மேட்டர் டிவைஸை ஒரே நேரத்துல ரெண்டு மூணு சிஸ்டத்துல சேர்க்கலாம்ங்கறது கூடுதல் வசதி. ஆனா அது ஐபிவி6 (நெட்வொர்க்ல முகவரி குடுக்கற புது முறை) மேல ஓடுது, ரௌட்டர்ல ஐபிவி6-ஐ யாரோ எப்பவோ ஆஃப் பண்ணி வெச்சிருந்தா சேர்க்கும்போதே தடுமாறும், முதல்லயே பார்த்துக்கோங்க. த்ரெட் (வைஃபைக்குப் பதிலா வர்ற குறைஞ்ச பவர் வயர்லெஸ்) வகை மேட்டர் டிவைஸ்னா அதை உங்க நெட்வொர்க்கோட இணைக்க த்ரெட் பார்டர் ரௌட்டர்னு தனியா ஒண்ணும் வேணும்.

3. டிவைஸ் ஒண்ணுகூடச் சேர்க்காம நெட்வொர்க்கை முடிங்க

ரௌட்டர்ல வைஃபை சேனல் பெரும்பாலும் ஆட்டோல இருக்கும். அதை 1, 6, 11 இதுல ஒண்ணுல நிலையா வைங்க. வைஃபை தானா சேனல் மாறிக்கிட்டே இருந்தா ஜிக்பீக்கு எது காலியான இடம்னு முடிவே பண்ண முடியாது.

அப்புறம் ஜிக்பீ சேனல். 11-ல இருந்து 26 வரைக்கும் 16 சேனல் இருக்கு. இந்த நம்பரும் வைஃபை நம்பரும் ஒண்ணு கிடையாது, இங்கதான் குழம்பறாங்க. வைஃபை 1 தோராயமா ஜிக்பீ 11 முதல் 14 வரைக்கும் மூடும், வைஃபை 6 வந்து 16 முதல் 19, வைஃபை 11 வந்து 21 முதல் 24. அதனால 15, 20, 25 இந்த மூணும் இடுக்குல தப்பிச்சு நிக்கும். 26-ம் காலியாத்தான் தெரியும், ஆனா சில டிவைஸ் அந்த சேனல்ல பவரைக் குறைச்சுக்கும், சிலது அதுல சேரவே சேராது, வேண்டாம். இதை இப்பவே முடிவு பண்ணச் சொல்றதுக்குக் காரணம், நாளைக்கு சேனல் மாத்தினா கொஞ்ச டிவைஸாவது பின்னாடி வராது, ஏணி போட்டு ஏறி ஒவ்வொண்ணா திரும்ப சேர்க்கணும்.

ஹப்புக்கும் வைஃபை டிவைஸ்களுக்கும் ரௌட்டர்ல ஐபி (நெட்வொர்க் முகவரி நம்பர்) மாறாம ரிசர்வ் பண்ணிடுங்க. இல்லைன்னா கரண்ட் போய் வந்ததும் நம்பர் மாறி ஒண்ணை ஒண்ணு தேடிக்கிட்டு இருக்கும்.

பாதுகாப்பும் இந்தக் கட்டத்துலதான். டிவைஸ்களுக்குத் தனி வைஃபை பேர் குடுத்து, உங்க லேப்டாப் போன் இருக்கற பக்கத்துல இருந்து பிரிச்சு வைங்க, ஃபேக்டரி பாஸ்வேர்ட் எதுவுமே இருக்கக்கூடாது. 2016-ல மிராய்ங்கற மால்வேர் கேமரா, ரௌட்டர்னு லட்சக்கணக்குல பிடிச்சது இந்த ஃபேக்டரி பாஸ்வேர்ட் வழியாத்தான். வெளியில இருந்து பார்க்கணும்னு ஹப்போட போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்து விடாதீங்க, விபிஎன் (வெளியில இருந்து உங்க நெட்வொர்க்குக்குள்ள வர்ற பூட்டின வழி) போடுங்க. ஒரு விஷயம் மட்டும் கவனம், நெட்வொர்க்கை விலேன் (ஒரே ரௌட்டர்ல தனித்தனி நெட்வொர்க்கா பிரிக்கறது) போட்டு முழுசா வெட்டிட்டா டிவைஸ் கண்டுபிடிக்க உதவற எம்டிஎன்எஸ் சேதி அந்தப் பக்கம் தாண்டாது, "டிவைஸே காணோம்"னு வரும். அதைத் தாண்டி அனுப்பற ரிஃப்ளெக்டர் வசதியை ரௌட்டர்ல ஆன் பண்ணணும்.

4. சேர்க்கற வரிசை

ஜிக்பீல நேரடி கரண்ட்ல ஓடற ப்ளக், பல்ப், ரிலே பெரும்பாலும் ரௌட்டர் வேலையும் சேர்த்துப் பார்க்கும், மத்த டிவைஸ் பேசறதை வாங்கி அடுத்ததுக்குக் கடத்தும். பேட்டரி சென்சார் அப்படிக் கடத்தாது, தன் சேதியைச் சொல்லிட்டுத் தூங்கிடும்.

அதனால முதல்ல கரண்ட் டிவைஸ் எல்லாம், ஹப்புக்குப் பக்கத்துல இருக்கறதுல ஆரம்பிச்சு வெளிப்பக்கமா போங்க. அது முடிஞ்சப்புறம் பேட்டரி சென்சார். அதுவும் மேஜை மேல பத்தையும் பரப்பி வெச்சு மொத்தமா சேர்க்காதீங்க, எங்க ஒட்டப் போறீங்களோ அங்க கொண்டு போய் சேருங்க. சென்சார் சேரும்போது யார் வழியா சேர்ந்துச்சோ அவங்களையே பிடிச்சுக்கிட்டு இருக்கற பழக்கம் சில மாடல்களுக்கு உண்டு. மேஜையில ஹப்போட நேரா சேர்ந்துட்டு, கடைசி ரூம்ல போய் ஒட்டினப்புறமும் ஹப்பையே தேடி சிக்னல் கிடைக்காம ஒரு வாரத்துல காணாமப் போயிடும். "சென்சார் சரியில்ல"ன்னு நிறைய பேர் திருப்பிக் குடுக்கறது இதனாலதான், சென்சார் மேல ஒரு தப்பும் இருக்காது.

5. பேர் வைக்கறது

சின்ன வேலைதான், ஆனா இப்பவே பண்ணுங்க. கம்பெனி பேரோ மாடல் நம்பரோ பேர்ல வரவே கூடாது. இடம், அப்புறம் வேலை: "மாடிப்படி அசைவு", "டேங்க் மட்டம்", "மோட்டர் ரிலே". நாளைக்கு அந்த சென்சார் கெட்டு வேற கம்பெனி சென்சார் வாங்கினா அதே பேரைப் புதுசுக்கு வெச்சா போதும், ரூல் எதையும் தொட வேண்டியதில்ல.

6. எல்லாரும் பேசிக்கிற இடம்: எம்க்யூடிடி

எம்க்யூடிடி ப்ரோக்கர் ஒரு பொது அறிவிப்புப் பலகை மாதிரி. டிவைஸ் தன் நிலைமையை ஒரு டாபிக்ல எழுதிட்டுப் போகும், யாருக்கு வேணுமோ அவங்க அந்த டாபிக்கைக் கவனிச்சுக்கிட்டு இருப்பாங்க. எழுதறவருக்கு யார் படிக்கறாங்கன்னு தெரிய வேண்டியதே இல்ல. அதனாலதான் ஒரு டிவைஸை எடுத்துட்டு வேற வெச்சாலும் மத்தது ஆடாம நிக்குது.

மாஸ்கிட்டோ போடறவங்க முதல்ல முட்டிக்கற இடம் இது: 2.0 வெர்ஷன்ல இருந்து நீங்க எதுவும் செட் பண்ணலைன்னா அதே மெஷின்ல இருந்து வர்ற கனெக்ஷனை மட்டும்தான் ஏத்துக்கும். 1883 போர்ட்ல (எம்க்யூடிடி வழக்கமா பேசற வாசல் நம்பர்) லிசனர்னு ஒரு வரியும் யூசர்நேம் பாஸ்வேர்டும் நீங்களே குடுக்கணும். பாஸ்வேர்ட் வேண்டாம்னு எல்லாருக்கும் திறந்து விடற வரி ஒண்ணு எல்லா இடத்துலயும் கிடைக்கும், அதைப் போடாதீங்க.

மூணு விஷயம் இங்க புரிஞ்சாகணும். ஒண்ணு, கட்டளைக்கு ஒரு டாபிக், நிலைமைக்கு ஒரு டாபிக், ரெண்டையும் கலக்கக் கூடாது. "ஆன் ஆகு"ன்னு சொன்னது வேற, "ஆன் ஆயிட்டேன்"னு அது பதில் சொன்னது வேற. ரூல் எப்பவும் ரெண்டாவதைப் பார்த்துத்தான் அடுத்த வேலைக்குப் போகணும், ஏன்னா சொன்னதெல்லாம் நடந்திருக்கும்னு கிடையாது.

ரெண்டாவது, ரீட்டெய்ன், அதாவது கடைசிச் சேதியை ப்ரோக்கர் பிடிச்சு வெச்சுக்கறது. நிலைமைச் சேதியை ரீட்டெய்ன் பண்ணலாம், புதுசா கனெக்ட் ஆகறவருக்குக் கடைசி நிலைமை உடனே கிடைக்கும். கட்டளையை மட்டும் ரீட்டெய்ன் பண்ணவே பண்ணாதீங்க. மோட்டருக்கு "ஆன்"னு ரீட்டெய்ன் பண்ணி அனுப்பியிருந்தா அது பலகையிலயே ஒட்டிக்கிட்டு இருக்கும், பத்து நாள் கழிச்சு ரிலே ரீஸ்டார்ட் ஆகி கனெக்ட் ஆனதும் அந்தப் பழைய "ஆன்" கையில கிடைச்சு மோட்டர் ஓட ஆரம்பிக்கும். "யாரும் தொடலை, ராத்திரி தானா ஓடுச்சு"ன்னு யாராவது சொன்னா நான் முதல்ல தேடறது இந்த ஒரு சேதியைத்தான்.

மூணாவது, லாஸ்ட் வில். டிவைஸ் கனெக்ட் ஆகும்போதே "நான் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா என் பேர்ல ஆஃப்லைன்னு எழுதிடு"ன்னு ப்ரோக்கர்கிட்ட சொல்லி வைக்கும். கீப் அலைவ் (இவ்வளவு நேரத்துக்குள்ள ஒரு தரமாவது பேசுவேன்னு டிவைஸ் சொன்ன நேரம்) 60 விநாடின்னா அதோட ஒன்றரை மடங்கு, அதாவது 90 விநாடி வரைக்கும் சத்தமே இல்லைன்னா ப்ரோக்கர் கனெக்ஷனை வெட்டிட்டு அந்த வில்லை எழுதிடும். ஒன்பதாவது வேலையில மௌனத்தைக் கண்டுபிடிக்க இதுவும் உதவும். டாஸ்மோட்டால இது முதல்லயே ஆன்ல இருக்கும், நீங்களே கோடு எழுதற டிவைஸ்ல நீங்கதான் போடணும்.

7. ஹப்பே வேண்டாத ஜோடிகளைப் பிரிச்செடுங்க

ஜிக்பீல பைண்டிங்னு ஒரு வசதி இருக்கு. ஒரு ஸ்விட்சை ஒரு பல்போட, இல்ல பல்ப் குரூப்போட நேரா கட்டி வெச்சிடலாம். ஸ்விட்ச் அமுக்கினா சேதி ஹப்புக்குப் போகாம பல்புக்கே போகும், ஹப்பைக் கழட்டி வெச்சாலும் வேலை செய்யும். டிவைஸும் டிவைஸும் நேரா உறவு வெச்சுக்கறதுன்னா அது இதுதான். இவ்வளவு நல்ல வசதியை ஏன் யாரும் தொடறதே இல்லைன்னு எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம்.

ஜிக்பீ2எம்க்யூடிடில டிவைஸ் பக்கத்துல பைண்ட்னு ஒரு டேப் இருக்கும், ஆன்ஆஃப், வேணும்னா லெவல் கன்ட்ரோல் டிக் பண்ணி பல்பையோ குரூப்பையோ தேர்ந்தெடுங்க. பேட்டரி ஸ்விட்ச்னா பைண்ட் அமுக்கறதுக்கு முன்னாடியே ஸ்விட்சை ரெண்டு தரம் தட்டி எழுப்புங்க, தூங்கிக்கிட்டு இருந்தா சேதி அதுக்குப் போகாது, ஃபெயில்னு வரும்.

எல்லா ஸ்விட்சும் இதுக்கு ஒத்துழைக்காது, வாங்கறதுக்கு முன்னாடி அந்த மாடலுக்கு பைண்டிங் உண்டான்னு பாருங்க. "இருட்டா இருந்தா மட்டும்"ங்கற மாதிரி நிபந்தனையும் இதுல போட முடியாது. அதனால பேப்பர்ல எந்த வரிக்கெல்லாம் நிபந்தனையே இல்லையோ அதையெல்லாம் பைண்டிங்ல முடிச்சிட்டு மிச்சத்தை மட்டும் ஹப்புக்குக் குடுங்க. ஒரு தப்பு அடிக்கடி நடக்குது: பைண்டிங்கும் பண்ணிட்டு அதே பட்டனுக்கு ஹப்புல டாகிள் (எரிஞ்சா அணை, அணைஞ்சிருந்தா எரிய வை) ரூலும் இருக்கும், அமுக்கினா லைட் எரிஞ்சு உடனே அணைஞ்சிடும். ஒரு பட்டனுக்கு ஒரு முதலாளிதான்.

8. இப்போ ரூல்

ட்ரிக்கர், கண்டிஷன், ஆக்ஷன். எப்போ எழுந்திருக்கணும், எழுந்தப்புறம் எதைச் சரிபார்க்கணும், என்ன செய்யணும். இது புரிய அஞ்சு நிமிஷம் போதும், மாட்டிக்கறது கீழ இருக்கற இடங்கள்ல.

டாகிள் வேண்டாம். ஆன், ஆஃப்னு நேராவே சொல்லுங்க. ஒரே சேதி ரெண்டு தரம் வந்தா "ஆன்" ரெண்டு தரமும் ஆன்தான், டாகிள் ரெண்டு தரம் வந்தா எல்லாம் தலைகீழா மாறிடும். வயர்லெஸ்ல சேதி ரெட்டிப்பா வர்றது சகஜம்.

ஆன் ஆகற எண்ணும் ஆஃப் ஆகற எண்ணும் ஒண்ணா இருக்கக்கூடாது. 30 டிகிரிக்கு மேல ஃபேன் ஆன், 30-க்குக் கீழ ஆஃப்னு எழுதினா 29.9-க்கும் 30.1-க்கும் நடுவுல ஊசலாடி ரிலே டிக் டிக்னு அடிச்சுக்கிட்டே இருக்கும், ஆயுசும் குறையும். 30-ல ஆன், 28-ல ஆஃப். நடுவுல இருந்தா இருக்கற நிலைமையிலயே இருக்கட்டும்.

செஞ்ச வேலையே ட்ரிக்கரை மாத்தக் கூடாது. வெளிச்சம் குறைஞ்சா லைட் போடு, வெளிச்சம் வந்தா அணைன்னு எழுதி, வெளிச்சம் அளக்கற சென்சாரும் அதே ரூம்ல இருந்தா, லைட் எரிஞ்சதும் வெளிச்சம் வந்துடுச்சுன்னு அணையும், அணைஞ்சதும் இருட்டுன்னு எரியும். ஆன் பண்ண மட்டும் வெளிச்சத்தைப் பாருங்க, ஆஃப் பண்ண அசைவை மட்டும் பாருங்க. ரெண்டு மூணு ரூல் சேர்ந்துகூட இப்படி வட்டம் போடும், ஏ பி-யை மாத்தும், பி சி-யை மாத்தும், சி திரும்ப ஏ-வை எழுப்பும், தனித்தனியா படிச்சா மூணுமே சரியாத்தான் தெரியும். பேப்பர்ல அம்புக்குறி போட்டுப் பாருங்க, எங்கயாவது வட்டம் மூடுச்சுன்னா அங்க ஒரு அம்பை வெட்டணும்.

"ஆன் ஆனா"ன்னு எழுதாதீங்க, "ஆஃப்ல இருந்து ஆன் ஆனா"ன்னு எழுதுங்க. ஹோம் அசிஸ்டன்ட்ல டிவைஸ் தொடர்பு விட்டுப் போனா அன்அவைலபிள்னு ஒரு நிலைமைக்குப் போயிடும். திரும்ப வந்ததும் அன்அவைலபிள்ல இருந்து ஆன்னு மாறும், வெறும் "ஆன் ஆனா"ங்கற ரூல் அதையும் புது நிகழ்ச்சின்னு எடுத்துக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு ரௌட்டர் ரீஸ்டார்ட் ஆனா எல்லா லைட்டும் எரியறது இதனால.

எண்ணை வெச்சு வர்ற ட்ரிக்கர், எல்லையைத் தாண்டற அந்த நொடியிலதான் எழும். ஹப் ரீஸ்டார்ட் ஆகிக்கிட்டு இருக்கும்போது வெப்பநிலை 30-ஐத் தாண்டிட்டா அந்த நொடியை ஹப் பார்க்காமலே போயிடலாம். அதே மாதிரி "5 நிமிஷம் அசைவு இல்லைன்னா"ங்கற காத்திருப்பும் ரீஸ்டார்ட் ஆனா, ஏன் ஆட்டோமேஷனை ரீலோட் பண்ணினாக்கூட, மறந்து போயிடும். அதனால முக்கியமான ஒவ்வொரு ரூலுக்கும் "ஹப் ஸ்டார்ட் ஆகும்போது"ன்னு இன்னொரு ட்ரிக்கர் சேர்த்து, இப்போ நிலைமை என்னன்னு பார்த்து முடிவெடுக்க வைங்க.

அசைவு சென்சார் ரூலுக்கு மோட்-ஐ (ரூல் ஓடிக்கிட்டு இருக்கும்போதே திரும்ப ட்ரிக்கர் வந்தா என்ன செய்யணும்ங்கற செட்டிங்) ரீஸ்டார்ட்ல வைங்க. சிங்கிள்ல விட்டா, அசைவு நின்னு அணைக்கக் காத்திருக்கற நேரத்துல திரும்ப அசைவு வந்தாலும் அதைக் கண்டுக்காது, ஆள் இருக்கும்போதே லைட் போயிடும். இன்னொண்ணு, பிஐஆர் சென்சார் ஆள் இருக்கறதைப் பார்க்கறதில்ல, வெப்பம் நகர்றதைத்தான் பார்க்கும், அசையாம உக்காந்து படிக்கறவர் அதுக்குத் தெரியவே மாட்டார். நடைபாதைக்கு பிஐஆர் போதும், உக்கார்ற ரூமுக்கு எம்எம்வேவ் ரேடார் சென்சார் (உக்காந்திருக்கற ஆளையும் கண்டுபிடிக்கறது) போடுங்க. காத்திருப்பு நேரத்தை ஏத்திக்கிட்டே போறது அதுக்கு மருந்து இல்ல.

9. மௌனத்துக்கு என்ன அர்த்தம்னு சொல்லிக் குடுங்க

பேப்பர்ல எழுதின நாலாவது கட்டம் இப்போதான் வேலைக்கு வரும். என்னைக் கேட்டா மொத்த செட்டப்புலயும் அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இங்கதான்.

சென்சார் கடைசியா சொன்ன எண் ஹப்புல அப்படியே நிக்கும். டேங்க் 40 சதவீதம்னு திரையில இருக்கும், அது இப்போ வந்ததா ராத்திரி வந்ததான்னு பார்த்தா தெரியாது. அதனால எண்ணைப் பார்க்கற ஒவ்வொரு ரூலும் அது எப்போ வந்ததுன்னும் பார்க்கணும். மோட்டர் ஓடும்போது 5 நிமிஷமா லெவல் சேதி வரலைன்னா டேங்க் நிரம்பிடுச்சுன்னே எடுத்துக்கிட்டு மோட்டரை நிறுத்துங்க. சந்தேகம் வந்தா ஆபத்து குறைவான பக்கம் சாயணும்.

பேட்டரி சதவீதத்தை ரொம்ப நம்பாதீங்க. காயின் செல் கடைசி வரைக்கும் வோல்டேஜை ஓரளவு பிடிச்சு வெச்சிருந்துட்டு திடீர்னு விழும், அதனால நிறைய தடவை சதவீதம் நல்லாத்தான் இருக்கும், சென்சார் செத்திருக்கும். ஒவ்வொரு சென்சாரும் சாதாரணமா எவ்வளவு நேரத்துக்கு ஒரு தரம் பேசுதுன்னு பார்த்து, அதோட மூணு மடங்கு நேரம் ஆளைக் காணோம்னா உங்களுக்கு ஒரு நோட்டிஃபிகேஷன் வர மாதிரி ஒரே ஒரு பொது ரூல் போட்டுடுங்க.

வேலை செய்யற டிவைஸுக்குள்ளயே ஒரு கடைசிப் பூட்டு வேணும். டாஸ்மோட்டா ரிலேல பல்ஸ்டைம்னு ஒரு கட்டளை இருக்கு, 1900-னு குடுத்தா 1800 விநாடி, அதாவது 30 நிமிஷம் கழிச்சு தானா ஆஃப் ஆயிடும். பெரிய எண்கள்ல 100-ஐக் கழிச்சா வர்றதுதான் விநாடி, அதை மறந்து 30-னு குடுத்தா வெறும் 3 விநாடிதான் ஓடும். ஹப் செத்தாலும் ப்ரோக்கர் செத்தாலும் வைஃபை போனாலும் இந்தப் பூட்டு நிக்கும்.

கரண்ட் போய் வந்தா ஒவ்வொண்ணும் எந்த நிலைமையில எழுந்திருக்கணும்னும் டிவைஸ் உள்ளயே செட் பண்ணுங்க. டாஸ்மோட்டா எதுவும் சொல்லலைன்னா பழைய நிலைமைக்கே திரும்பும், மோட்டருக்கும் ஹீட்டருக்கும் அது ஆகாது, பவர்ஆன்ஸ்டேட் 0-னு வெச்சு ஆஃப்ல எழ வைங்க.

மோட்டர், ஹீட்டர் மாதிரி பெரிய லோடை சின்ன ஸ்மார்ட் ப்ளக் வழியா ஓட்டாதீங்க. மோட்டர் கிளம்பும்போது இழுக்கற கரண்ட் ஓடும்போது இழுக்கறதைவிடப் பல மடங்கு, ரிலே முனை ஒட்டிக்கிச்சுன்னா ஆஃப்னு சொன்னாலும் ஆஃப் ஆகாது, சாஃப்ட்வேர்ல எத்தனை பூட்டு போட்டாலும் வீண். ஸ்மார்ட் ரிலே ஒரு கான்டாக்டரை (பெரிய லோடைத் தாங்கற ரிலே) இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டரை இயக்கட்டும், டேங்குல ஒரு சாதாரண ஃப்ளோட் ஸ்விட்சும் (மிதவை ஸ்விட்ச்) தனியா இருக்கட்டும். இந்த வயரிங்கை எலக்ட்ரீஷியன் கையில குடுத்துடுங்க.

10. மனுஷங்க குறுக்க வருவாங்க

யாரும் தொடாம ஓடணும்னு செட் பண்ணினாலும் அந்த இடத்துல ஆளுங்க இருக்காங்க, அவங்க லைட்டை அணைச்சா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். கையால மாத்தினா அந்த டிவைஸோட ரூல் கொஞ்ச நேரம் ஒதுங்கி நிக்கணும், ரெண்டு மணி நேரமோ அடுத்த நாள் காலை வரைக்குமோ, அதுக்குன்னு ஒரு டைமர் வெச்சு கண்டிஷன்ல சேர்த்துடுங்க. இது இல்லாத இடத்துல தூங்கறவங்க மேல லைட் எரியும், மறுநாள் மொத்த சிஸ்டத்தையும் கழட்டச் சொல்வாங்க, அவங்க கேக்கறது நியாயம்தான்.

ஸ்மார்ட் பல்ப் போட்ட இடத்துல சுவர் ஸ்விட்ச் ஆஃப் ஆனா பல்ப் மட்டும் போகாது, அது ரௌட்டரா இருந்து கடத்தின சென்சார்களும் வழி தெரியாம நிக்கும். அங்க பல்பை விட்டுட்டு ஸ்விட்சுக்குப் பின்னாடி ரிலே வைக்கறதுதான் என் சாய்ஸ், ஸ்விட்ச் பழையபடியே இருக்கும், யாருக்கும் எதுவும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல.

11. ஓட விடறதுக்கு முன்னாடி, ஓட விட்டப்புறம்

முதல் ஒரு வாரம் ஆக்ஷன் இருக்கற இடத்துல நோட்டிஃபிகேஷன் மட்டும் போடுங்க: "இப்போ மோட்டரை ஆன் பண்ணியிருப்பேன்", "இப்போ லைட்டை அணைச்சிருப்பேன்". தப்பான நேரத்துல எத்தனை தரம் வருதுன்னு படிச்சாலே ரூல்ல எங்க ஓட்டைன்னு தெரிஞ்சிடும், எந்தச் சேதமும் ஆகாம. ஹோம் அசிஸ்டன்ட்ல ஒவ்வொரு ஆட்டோமேஷனுக்கும் ட்ரேஸ் இருக்கு, எந்தக் கண்டிஷன்ல நின்னுச்சுன்னு படமாவே காட்டும், ஊகம் பண்றதை விட்டுட்டு அதைத் திறந்து பாருங்க.

அப்புறம் ஆக்ஷனைப் போட்டு வேணும்னே கெடுத்துப் பாருங்க, பக்கத்துல நின்னுக்கிட்டு, ஒரு நேரத்துல ஒண்ணு. சென்சார் பேட்டரியைக் கழட்டுங்க. இன்டர்நெட் வயரைப் பிடுங்குங்க. ப்ரோக்கரை நிறுத்துங்க. மோட்டர் ஓடும்போது ஹப்போட கரண்டைப் பிடுங்குங்க. ஒவ்வொண்ணுக்கும் பேப்பர்ல எழுதினது நடக்குதான்னு டிக் பண்ணுங்க, நடக்கலைன்னா அந்த வரியை இன்னும் ஓட விடாதீங்க. இன்டர்நெட் வயர் பிடுங்கற சோதனையை மட்டும் ஒரு மணி நேரமாவது அப்படியே விட்டுப் பாருங்க, சில டிவைஸ் உடனே ஒண்ணும் காட்டாது, கொஞ்ச நேரம் கழிச்சு க்ளவுடைக் காணோம்னு தானா ரீஸ்டார்ட் ஆகிக்கிட்டே இருக்கும். இன்டர்நெட் இல்லாம நேரம் வாங்க வழியில்லாத டிவைஸ்களோட கடிகாரமும் தப்பாகும், மணி பார்த்து வேலை செய்யறது எதாவது இருந்தா ரௌட்டர்லயோ ஹப்புலயோ ஒரு என்டிபி செர்வர் (மத்த டிவைஸுக்கு மணி சொல்றது) வெச்சுடுங்க.

12. பேக்கப்

ஹோம் அசிஸ்டன்ட் பேக்கப், ஜிக்பீ2எம்க்யூடிடியோட டேட்டா ஃபோல்டர், ரெண்டும் வேணும். ஃபோல்டருக்குள்ள கோஆர்டினேட்டர் (அதாவது ஜிக்பீ ஸ்டிக்) பேக்கப் ஃபைல் இருக்கான்னு திறந்து பாருங்க, அதுலதான் நெட்வொர்க் கீயும் (ரகசியச் சாவி) பேன் ஐடியும் (நெட்வொர்க்கோட அடையாள எண்) இருக்கு. ஸ்டிக் கெட்டுப்போனா அது இருந்தாத்தான் புது ஸ்டிக்குல பழைய நெட்வொர்க்கையே எழுப்ப முடியும், இல்லைன்னா நாலாவது வேலையில (சேர்க்கற வரிசை) இருந்து ஒவ்வொரு டிவைஸா திரும்ப சேர்க்கணும். காப்பியை ஹப்புலயே வெச்சுக்காம வேற மெஷின்ல வைங்க, புது டிவைஸ் சேர்க்கற அன்னிக்கே புது காப்பியும் எடுத்துடுங்க.